உடம்பு தேறும் நேரம்

டிரையத்லான் என்று ஒரு விளையாட்டு இருக்கிறது. நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக, நடுவில் நிறுத்தாமல் செய்து முடிக்க வேண்டும். 2000ஆம் ஆண்டு சிட்னியில் இது ஒலிம்பிக்கில் சேர்ந்தது. அங்கே 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம். இதைவிட நீளமான வடிவத்துக்கு 'அயர்ன்மேன்' என்று பெயர். 3.8 கிலோமீட்டர் நீந்தி, 180 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, அதற்குப் பிறகு 42.2 கிலோமீட்டர் ஓட வேண்டும். இதையே தொழிலாகக் கொண்டவர்கள் எட்டு, ஒன்பது மணி நேரத்தில் முடித்துவிடுகிறார்கள். மற்றவர்களுக்கு ஹவாய்த் தீவின் கோனா நகரில் நடக்கும் உலகப் போட்டியில் 17 மணி நேரம் வரை கெடு உண்டு.

மாணவர்களுக்கு நான் வகுப்பெடுக்கப் போகிற இடங்களில், பிள்ளைகளின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் இந்தப் போட்டிகளின் வீடியோக்களைப் பார்த்திருக்கிறேன். கால் தள்ளாடி விழுகிற வீரர், எழுந்து மறுபடி ஓடுகிற வீரர். கீழே ஒரு வாசகம்: மனசு வைத்தால் உடம்பு கேட்கும். வலியைத் தாண்டினால் வெற்றி. அதைப் போட்ட தம்பியைப் பார்த்தால், முந்தின ராத்திரி சுவரொட்டி ஒட்டிவிட்டு, காலையில் சாப்பிடாமல் வந்து உட்கார்ந்திருப்பான்.

டிரையத்லானைத் தொழிலாகக் கொண்டவர்களின் வாழ்க்கையைச் சில வருடங்களாக வாசித்து வருகிறேன். எனக்குக் கிடைத்த பாடம் அந்த வாசகத்துக்கு நேர் எதிரானது. அவர்கள் உடம்பை வருத்துகிறார்கள், உண்மைதான். ஆனால் வருத்திய உடம்பைத் தேற்றுவதற்கு அவர்கள் ஒதுக்கும் நேரமும் பணமும் கவனமும் வருத்துவதற்கு ஒதுக்குவதைவிட அதிகம். உழைத்துத் தாங்குவதை நம் சனங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தேறுவதற்கான நேரம்தான் நமக்குக் கொடுக்கப்படவே இல்லை. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது அவ்வளவுதான்.

அலுவலக மேசையிலிருந்து கோனா வரை

என்னை இந்த விளையாட்டுக்குள் இழுத்தவர் கிறிஸ்ஸி வெலிங்டன் என்ற பிரிட்டிஷ் பெண். 1977இல் பிறந்தவர். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் வளர்ச்சி ஆய்வுகளில் முதுகலை முடித்தார். பிரிட்டிஷ் அரசின் சுற்றுச்சூழல் துறையில் வேலை பார்த்தார். 2004இல் விடுப்பு எடுத்துக்கொண்டு நேபாளம் போய், ஒரு தொண்டு நிறுவனத்தில் சேர்ந்து, ஜும்லா என்ற மலை மாவட்டத்தில் குடிநீர், சுகாதாரத் திட்டத்தில் பணியாற்றினார். அப்போது அங்கே உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. நேபாளத்தின் மேற்கு மலைப்பகுதிகளில் தண்ணீர்க் குழாயடியில் தலித் பெண்களைத் தள்ளி நிற்க வைக்கும் வழக்கம் பழையது. தீண்டாமைக்குத் தண்டனை விதிக்கும் தனிச் சட்டம் அந்த நாட்டில் 2011இல்தான் வந்தது.

முதுகலை, களப்பணி, முப்பதைத் தொடும் வயது என்று பார்த்தால் அவருடைய வாழ்க்கையின் முதல் பாதி என்னைப் போன்றவர்களின் வாழ்க்கைபோலத்தான் இருக்கிறது. இரண்டாவது பாதி அப்படி இல்லை. 2006இல் லொசான் நகரில் நடந்த உலகப் போட்டியில் பொழுதுபோக்கு வீரர்களுக்கான பிரிவில் ஜெயித்தார். 2007 பிப்ரவரியில் அரசு வேலையை விட்டுவிட்டுத் தொழில்முறை வீராங்கனை ஆனார். அந்த அக்டோபரிலேயே கோனாவில் உலகச் சாம்பியன். 2008, 2009, 2011இலும் அவரே. 2011இல் ஜெர்மனியின் ரோத் நகரில் முழுத் தூரத்தையும் 8 மணி 18 நிமிடம் 13 நொடியில் முடித்தார். அந்தச் சாதனை 2023 வரை நின்றது. ஓடி முடித்த அயர்ன்மேன் தூரப் போட்டிகளில் அவர் ஒன்றில்கூடத் தோற்றதில்லை.

அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் 2011ஆம் ஆண்டுப் போட்டியை விடாமல் சொல்வார்கள். பந்தயத்துக்கு இரண்டு வாரம் முன்பு சைக்கிளிலிருந்து விழுந்து அடிபட்டிருந்தார். அந்தக் காயத்தோடு வந்து ஜெயித்தார். கேட்கிறவர்களுக்கு ரோமம் சிலிர்க்கும். அதற்கு முந்தைய வருடம் நடந்ததை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. 2010இல் அவர் மூன்று முறை தொடர்ந்து ஜெயித்த சாம்பியன். பந்தய நாள் காலையில் உடம்பு சரியில்லை. கோனாவரை வந்துவிட்டார், உலகமே பார்க்கக் காத்திருக்கிறது, விளம்பரம் கொடுத்த நிறுவனங்கள் காத்திருக்கின்றன. அவர் பந்தயத்தில் இறங்கவில்லை. 'இன்று முடியாது' என்று விலகிக்கொண்டார்.

என்னைக் கேட்டால் அவருடைய தொழிலை விளக்குகிற நாள் 2010இல் வந்த அந்த நாள்தான். நம் இயக்கங்களில் அப்படி ஒருவர் கடைசி நேரத்தில் விலகினால் என்ன பெயர் சூட்டுவோம் என்பதை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

ஒரு நாளின் கணக்கு

தொழில்முறை வீரர்கள் பொதுவாக வாரத்துக்கு 25 முதல் 30 மணி நேரம் பயிற்சி செய்கிறார்கள். கேட்டால் நமக்கு ஆச்சரியமே வராது. நூறு நாள் வேலைக்குப் போய்விட்டு, வீட்டுக்கு வந்து தண்ணீர் சுமந்து, சமைத்து, மாட்டுக்குப் புல் அறுக்கிற பெண்ணின் வாரத்தை எண்ணிப் பார்த்தால் 30 மணி நேரம் பாதிகூட வராது.

வித்தியாசம் மீதி நேரத்தில் இருக்கிறது. விடியற்காலையில் நான்கைந்து கிலோமீட்டர் நீச்சல் என்றால், கரையேறியதும் சாப்பாடு. அடுத்தது சைக்கிள், அதை மிதிக்கும்போதே மாவுச்சத்து நிறைந்த பானம். திரும்பி வந்ததும் மறுபடி சாப்பாடு, பகல் தூக்கம், மாலையில் ஓட்டம், தசைகளைப் பிடித்துவிட ஆள், ராத்திரி எட்டு ஒன்பது மணி நேரத் தூக்கம். பெரிய போட்டி நெருங்கும்போது பயிற்சியைக் கூட்டமாட்டார்கள். ஒன்றிரண்டு வாரம் முன்பிருந்தே குறைத்துக்கொண்டு வருவார்கள். பந்தயப் பருவம் முடிந்தால் சில வாரங்கள் ஓய்வு. இவையெல்லாம் பயிற்சி அட்டவணையில் எழுதி வைக்கப்பட்டவை. இன்று தூங்கவில்லை என்றால் இன்றைய பயிற்சியில் பாதி விட்டுப்போயிற்று என்றே பயிற்சியாளர் எடுத்துக்கொள்வார்.

இதற்கு உடலியல் காரணம் உண்டு. உடற்பயிற்சி செய்யும்போது நாம் பலசாலி ஆவதில்லை. அப்போது தசை இழைகள் நுணுக்கமாகச் சேதமாகின்றன, உள்ளே சேர்த்து வைத்த சர்க்கரை கரைகிறது. பிறகு சாப்பிட்டுத் தூங்கும்போதுதான் உடம்பு அந்தச் சேதத்தைச் சரிசெய்து, முன்பைவிடக் கொஞ்சம் உறுதியாகக் கட்டிக்கொள்கிறது. சாப்பாடும் தூக்கமும் இல்லாமல் உழைப்பு மட்டும் தொடர்ந்தால் கட்டுமானம் நடக்காது, தேய்மானம்தான் நடக்கும். எலும்பு பலவீனமாகும், மாதவிடாய் நிற்கும், நோய் எதிர்ப்பு குறையும், மனம் சோர்ந்துபோகும். உழைக்கிற அளவுக்குச் சாப்பிடாத வீரர்களிடம் தெரிகிற இந்தத் தொகுப்பான பாதிப்புக்குச் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014இல் தனியாக ஒரு பெயர் வைத்து வரையறை செய்தது. வெலிங்டனே இளம் வயதில் சாப்பாட்டைக் குறைத்து உடம்பைக் கெடுத்துக்கொண்டதைத் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

அந்தப் பாதிப்புகளின் பட்டியலை முதலில் வாசித்தபோது எனக்கு எந்த விளையாட்டு வீரரும் நினைவுக்கு வரவில்லை. எங்கள் தெருப் பெண்கள்தான் வந்தார்கள். நாற்பது வயதில் முதுகு வளைந்தவர்கள், முட்டி தேய்ந்தவர்கள், ரத்தம் இல்லாமல் வெளிறிப்போனவர்கள். என் அம்மா நடவுக் காலத்தில் நாலு மணிக்கு எழுந்து கஞ்சி வைத்துவிட்டுப் போவார். பொழுது சாயும்வரை சேற்றில் குனிந்தே நிற்பார். எனக்குத் தம்பி பிறந்து கொஞ்ச நாளிலேயே மறுபடி வயலுக்குப் போனதாகச் சொல்வார், ஏதோ பெருமைபோல. "நம்ம உடம்பு இரும்புடி" என்பார். ஊர்க்காரர்களும் அதையே சொல்வார்கள்: இவர்களுக்கு எதுவும் ஆகாது, தாங்கும் உடம்பு.

2022 கோனா போட்டியில் ஜெயித்த செல்சி சொடாரோ குழந்தை பெற்று ஒன்றரை வருடம் ஆகியிருந்த தாய். தொழில்முறை டிரையத்லான் வீரர்களின் அமைப்பு கர்ப்பிணி வீராங்கனைகளுக்கு வருமானத்தோடு விடுப்பு தருகிறது. ஒன்றரை வருடத்தில் உலகச் சாம்பியன் ஆனாரே என்று உலகம் வியந்தது. எங்கள் அம்மாக்கள் அதைவிடச் சீக்கிரம் வேலைக்குத் திரும்பினார்கள். யாரும் வியக்கவில்லை, கூலியும் கூடவில்லை.

இரும்புக்கும் வாழைப்பழம் வேண்டும்

அயர்ன்மேனின் வரலாற்றில் இரண்டு கதைகள் எனக்குப் பிடித்தவை. முதல் போட்டி 1978 பிப்ரவரி 18 அன்று ஹவாயின் ஒவாஹு தீவில் நடந்தது. 15 பேர் கிளம்பி 12 பேர் முடித்தார்கள். முதலில் வந்தவர் கார்டன் ஹாலர். இரண்டாவதாக வந்த ஜான் டன்பருக்கு, கூட வந்த உதவியாளர்களிடம் தண்ணீர் தீர்ந்துபோய், குடிக்க பீர் கொடுத்தார்கள். நீர்ச்சத்து வற்றிக்கொண்டிருந்த உடம்புக்கு பீர். அதன்பின் அவரால் முதலிடத்தைப் பிடிக்க முடியவில்லை.

இரண்டாவது கதை 1982 பிப்ரவரியில் நடந்தது. ஜூலி மோஸ் என்ற கல்லூரி மாணவி பெண்களில் முதலாவதாக வந்துகொண்டிருந்தார். எல்லைக்கோடு கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் கால் மடங்கி விழுந்தார். எழுந்தார், மறுபடி விழுந்தார். சில மீட்டர் இருக்கும்போது வேறொருவர் அவரைத் தாண்டிப் போய்விட்டார். மோஸ் கையாலும் முட்டியாலும் தவழ்ந்து கோட்டைத் தொட்டார். அமெரிக்கத் தொலைக்காட்சியில் அதைப் பார்த்தவர்கள் கண் கலங்கினார்கள். இந்த விளையாட்டு உலகப் புகழ் பெற்றது அந்தத் தவழலால்தான்.

அந்தத் தவழலைத்தான் இன்றைக்கும் மன உறுதியின் சின்னமாகக் காட்டுகிறார்கள். அந்த மன உறுதியை நானும் மதிக்கிறேன். ஆனால் அந்த நேரத்தில் அவர் உடம்பில் நடந்தது சர்க்கரையும் நீரும் தீர்ந்துபோனது. விளையாட்டு உலகம் கைதட்டியதோடு நிற்கவில்லை, பாடமும் கற்றுக்கொண்டது. இன்று அயர்ன்மேன் ஓட்டப்பாதையில் ஏறத்தாழ ஒவ்வொரு மைலுக்கும் ஒரு மேசை இருக்கிறது. தண்ணீர், ஐஸ்கட்டி, வாழைப்பழம், கோலா, உப்புக் கலந்த பானம். எடுத்துக் கொடுக்கத் தன்னார்வலர்கள். மணிக்கு எத்தனை கிராம் மாவுச்சத்து உள்ளே போகவேண்டும் என்று ஒவ்வொரு தொழில்முறை வீரருக்கும் கணக்கு இருக்கிறது. 90 கிராம் இன்றைக்குச் சாதாரணம். பெயர் 'இரும்பு மனிதர்'. ஆனால் மைலுக்கு ஒரு மேசை இல்லாமல் அந்த இரும்பு ஓடாது.

செங்கல் சூளையில், கல் குவாரியில், கரும்பு வெட்டும் இடத்தில் மைலுக்கு ஒரு மேசை வேண்டாம். நிழலான ஓர் இடமும் குடிக்கத் தண்ணீரும் கழிப்பறையும் கேட்டுத்தான் நாம் மனு எழுதிக்கொண்டிருக்கிறோம்.

யாருடைய உடம்புக்காகத் தண்ணீரைச் சோதிக்கிறார்கள்?

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் டிரையத்லான் நீச்சலை சேன் நதியில் நடத்த முடிவு செய்தார்கள். அந்த நதியைச் சுத்தப்படுத்த 140 கோடி யூரோ செலவானது. அப்படியும் மழை பெய்து கழிவுநீர் கலந்தது. நாள்தோறும் தண்ணீரை எடுத்து ஈ-கோலி கிருமி எவ்வளவு என்று சோதித்தார்கள். 100 மில்லி லிட்டரில் ஆயிரத்துக்கு மேல் இருந்தால் நீந்தக் கூடாது என்பது உலக டிரையத்லான் அமைப்பின் விதி. கணக்கு சரிவராததால் முன்னோட்ட நீச்சல்கள் ரத்தாகின. ஜூலை 30 அன்று நடக்கவேண்டிய ஆண்கள் போட்டி மறுநாளைக்குத் தள்ளிப்போனது. 55 ஆண்கள், 55 பெண்கள். அந்த 110 பேருக்காக ஒலிம்பிக் அட்டவணையையே மாற்றினார்கள். சரியாகத்தான் செய்தார்கள். ஒரு மனிதரைக் கழிவுநீரில் இறக்கக் கூடாது.

நம் நகரங்களில் அதே கழிவுநீருக்குள் கழுத்தளவு இறங்குகிறவர்கள் யார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சோதனைக்கு ஒரு குப்பி நீர்கூட யாரும் எடுப்பதில்லை. 2013ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஆளை இறக்குவதைத் தடை செய்கிறது. 2014இல் உச்ச நீதிமன்றம் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்றது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. இறந்தபின் கொடுக்கிற விலை கூடியிருக்கிறது. இறங்குகிறவர்களின் சாதி மட்டும் மாறவில்லை.

சேன் நதிச் செய்தியை நான் வாசித்த வாரத்தில்தான், தொட்டிக்குள் இறங்கி இறந்துபோன ஒருவரின் மனைவியோடு இழப்பீட்டு விண்ணப்பத்துக்காக அலுவலகப் படிகளில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். ஒரு சான்றிதழ் குறைகிறது என்று மூன்றாவது தடவை திருப்பி அனுப்பினார்கள். வெளியே வந்து டீ குடிக்கும்போது அந்த அம்மா கேட்டார்: "எறங்குறதுக்கு முன்னாடி ஒரு பேப்பரும் கேக்கலியே, செத்த பொறவு மட்டும் எதுக்குக் கண்ணு இத்தன பேப்பர்?" என்னிடம் பதில் இருக்கவில்லை.

நீந்தத் தெரிந்தவர்கள்

இந்த விளையாட்டு நீரில் தொடங்குகிறது. ஆகவே யார் நீந்தக் கற்றுக்கொள்கிறார்கள் என்ற கேள்வியும் அங்கேயே தொடங்குகிறது. மார்செல் மோஸ் என்ற பிரெஞ்சு அறிஞர் 1934இல் ஆற்றிய உரை ஒன்றை முதுகலையில் எங்களுக்குப் பாடமாக வைத்திருந்தார்கள். நடப்பது, உட்காருவது, தூங்குவதுகூட இயற்கையாக வருவதில்லை, சமூகம் கற்றுக்கொடுத்து வருகிறது என்று அதில் சொல்கிறார். அவர் எடுத்துக்கொள்ளும் உதாரணங்களில் ஒன்று நீச்சல். வகுப்பில் எல்லோரும் குறிப்பெடுத்தார்கள். எனக்கு எங்கள் ஊர்ப் பம்புசெட் கிணறு ஞாபகம் வந்தது. ஊர்த்தெருப் பையன்கள் மேலிருந்து குதிப்பார்கள். காலனிப் பிள்ளைகள் வாய்க்காலில் வழிந்து வரும் நீரில் கால் நனைக்கலாம். கிணற்றுப் பக்கம் போனால் கல் வரும். எங்கள் தெருவில் என் வயதுப் பெண்களில் நீந்தத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. எங்களுக்கு நீந்தக் கற்றுத்தராததும் அந்தச் சமூகம்தான்.

1927 மார்ச் 20 அன்று மகாத் நகரில் அம்பேத்கர் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்தார். குடிப்பதற்கே அவ்வளவு பெரிய போராட்டம் தேவைப்பட்ட ஒரு மக்கள் கூட்டத்தில், நீந்தி மகிழ்வது எத்தனை தலைமுறை தள்ளிப்போயிருக்கும்?

நீச்சலுக்கு அப்புறம் மீதிச் செலவுகள் வருகின்றன. பந்தய சைக்கிள் ஒன்றின் விலை சில லட்சம் ரூபாய். அதைப் பெட்டியில் அடைத்து விமானத்தில் ஏற்ற வேண்டும். கோடையில் ஐரோப்பா, குளிர்காலத்தில் வெயிலடிக்கும் நாடு, இடையில் மலைமேல் பயிற்சி முகாம். ஊர் ஊராக வாடகை வீடு. பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்குப் பல நாடுகளில் விசாவே தேவைப்படாது. நம்மைப் போன்றவர்கள் வங்கிக் கணக்கையும் சம்பளச் சீட்டையும் எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும். பரிசுப் பணமோ பெரிய போட்டிகளிலும் முதல் பத்துப் பதினைந்து பேருக்குத்தான். மற்றவர்கள் விளம்பர ஒப்பந்தங்களையும் குடும்பத்தின் கைக்காசையும் வைத்து ஓட்டுகிறார்கள். அரசு வேலையை விட்டுவிட்டு 'முயன்று பார்க்கிறேன்' என்று ஒருவர் கிளம்புவதற்கு, தோற்றுத் திரும்பினால் உட்கார ஒரு இடம் வேண்டும். வெலிங்டனின் திறமையை இது குறைக்கவில்லை. அந்தத் திறமை எதன்மேல் நின்றது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது முழுக்கதை. முதல் தலைமுறையாகச் சம்பளம் வாங்குகிற நம் பிள்ளைகள் வேலையை விடாமல் இருப்பதைக் கோழைத்தனம் என்று எந்த ஊக்கப் பேச்சாளராவது சொன்னால், இந்தக் கணக்கை அவர் முன்னால் வையுங்கள்.

அளந்து நிறுத்துகிறவர்கள்

2021இல் டோக்கியோவில் தங்கம் வென்ற நார்வேக்காரர் கிறிஸ்டியன் புளும்மென்ஃபெல்ட். அவரையும் அவர் தோழர்களையும் உருவாக்கிய பயிற்சி முறை இன்று உலகம் முழுக்கப் பேசப்படுகிறது. பயிற்சியின் நடுவில் நிறுத்தி, விரலிலோ காதுமடலிலோ குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, அதில் லாக்டேட் எவ்வளவு என்று பார்ப்பார்கள். அளவு ஏறியிருந்தால் வேகத்தைக் குறைக்கச் சொல்வார்கள். 'இன்னும் வேகமாக' என்று விரட்டுவதற்கு மட்டுமல்லாமல், 'இன்றைக்கு இதற்கு மேல் போகாதே' என்று நிறுத்துவதற்கும் அந்த அளவை வைத்திருக்கிறார்கள். நாளைக்கும் நாளை மறுநாளைக்கும் பயிற்சி செய்ய ஆள் வேண்டும் அல்லவா?

உழைப்புக்கு ஒரு எல்லை வைப்பது நம் அரசியலுக்குப் புதிது இல்லை. 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைப் பொறுப்பேற்று நடத்தியவர் அம்பேத்கர். 1946இல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டு வார வேலை நேரம் 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைந்தது. மீதி நேரம் தொழிலாளியின் உடம்பு தேறுவதற்கும் அவர் படிப்பதற்கும் பிள்ளையைக் கொஞ்சுவதற்கும் உரியது. அந்தச் சட்டம் வயலுக்கும் சூளைக்கும் வரவில்லை. நம்மில் பெரும்பாலோர் அங்கேதான் இருந்தோம். 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டிலேயே 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பு கிளம்பியதும் மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டதை மறந்துவிடாதீர்கள். ஓய்வு நேரத்தைப் பிடுங்கிக்கொள்ள எப்போதும் யாரோ காத்திருக்கிறார்கள்.

இப்போது நம் வீட்டுக்குள் வருவோம். போன வருடம் ஆட்சியர் அலுவலகம் முன்பு நடந்த ஒரு ஆர்ப்பாட்டத்தில் கல்லூரித் தம்பி ஒருவன் கோஷம் போட்டுக்கொண்டே மயங்கி விழுந்தான். முந்தின நாள் மதியத்துக்குப் பிறகு சாப்பிடவில்லை. அரசு மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். மாலைக் கூட்டத்தில் பேசியவர்கள் அவனுடைய அர்ப்பணிப்பைப் பாராட்டினார்கள், கைதட்டல் எழுந்தது. ஜூலி மோஸுக்குக் கிடைத்த அதே கைதட்டல். அடுத்த ஆர்ப்பாட்டத்தில் சாப்பாட்டுக்கு யார் பொறுப்பு என்று அந்தக் கூட்டத்தில் யாரும் கேட்கவில்லை.

தாங்குகிற உடம்பு என்று நம்மைப் புகழ்ந்தவர்கள் யார் என்று பாருங்கள். நம்மை வேலை வாங்கியவர்கள்தான். 'இவர்களுக்கு வெயில் உறைக்காது, பசி தெரியாது' என்பது கூலியைக் குறைக்கக் கண்டுபிடித்த வார்த்தை. அதே வார்த்தையை நாம் எடுத்துத் தியாகம் என்று பெயர் மாற்றி நம் பிள்ளைகளுக்கே சூட்டினால், அது விடுதலை அரசியலாக இருக்க முடியாது.

ஒரு கேள்வி வரும்: "அக்கா, ராத்திரி ஒரு மணிக்கு வன்கொடுமை நடந்தா, தூங்கிட்டுக் காலையில போறதா?" போகத்தான் வேண்டும். நானும் போயிருக்கிறேன், இனியும் போவேன். அது பந்தய நாள். பந்தய நாளில் வீரர்களும் அளவு பார்ப்பதில்லை. ஆனால் வருடம் முழுக்கப் பந்தய நாளாக வைத்துக்கொண்டால் ஐந்தாவது வருடத்தில் ஆள் இருக்க மாட்டார். நான் வேலைக்குச் சேர்ந்தபோது கூட இருந்தவர்களில் பலர் இன்றைக்குக் களத்தில் இல்லை. கொள்கை மாறியதால் போனவர்கள் குறைவு. உடம்பும் மனசும் ஓய்ந்து போனவர்கள்தான் அதிகம். அவர்களிலும் பெண்கள் அதிகம்.

ஆகவே தோழர்களே, சில சின்ன விஷயங்களைச் செய்யத் தொடங்குவோம். கூட்டத்துக்குத் துண்டறிக்கை அச்சடிக்கும்போதே சாப்பாட்டுக்கும் தண்ணீருக்கும் ஆள் போடுங்கள். அது எப்போதும் பெண் தோழர்களாகவே இருக்க வேண்டாம். உண்மை அறியும் குழுவில் போய்விட்டு வந்தவருக்கு அடுத்த நாள் வேலை கொடுக்காதீர்கள். பார்த்ததையும் கேட்டதையும் இறக்கி வைக்க அவருக்கு ஒரு நாள் வேண்டும். விடுதியில் சாப்பாடு சரியில்லை என்று எழும் போராட்டத்தைச் சின்னப் போராட்டம் என்று நினைக்காதீர்கள். படிக்கிற பிள்ளைக்கு மைலுக்கு ஒரு மேசை அதுதான். உங்கள் மாவட்டத்து அரசு நீச்சல் குளத்தில் கட்டணம் எவ்வளவு, விடுதிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி உண்டா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். இல்லை என்று பதில் வந்தால் அதை எடுத்துக்கொண்டு ஆட்சியரைப் பாருங்கள். கிணற்றில் இறங்கவிடாமல் விரட்டப்பட்டவர்களின் பேத்திகள் நீந்தக் கற்றுக்கொள்வது நலத்திட்டம் மட்டும் இல்லை, நீண்ட நாள் பாக்கி.

உங்களோடு வேலை செய்கிற தோழர் ஒருவர் 'இன்றைக்கு முடியவில்லை' என்று சொன்னால் ஏன் என்று குடையாதீர்கள். சாப்பிட்டாரா என்று கேளுங்கள். அன்றைய வேலையை வாங்கி நீங்கள் செய்யுங்கள். அடுத்த வாரம் அவர் உங்களுடையதைச் செய்வார்.